நல்ல பொருளா வாங்கியிருந்தா...

அக்கா: இதுக்கா? இந்த உள்ளங்கை அகலத்துக்கா அவ்வளவு விலை?

தம்பி: அகலத்தைப் பார்த்து விலை போட இது என்ன ஜன்னல் துணியாக்கா? செருப்பை அங்கயே விட்டுட்டு உள்ள வா... அந்தப் பேப்பர் மேல மிதிக்காதே, கிரீஸ்.

அக்கா: பேச்சை மாத்தாதே. உன் பொண்டாட்டி காலையில போன் பண்ணி விலையைச் சொன்னா. பதட்டத்துல ஒரு சைபரைச் சேர்த்துச் சொல்றான்னு நெனச்சேன்.

தம்பி: அவ கணக்குல கொஞ்சம் வீக்குதான்.

அக்கா: அப்ப கம்மியா?

தம்பி: இல்ல... கூட. அவ சொன்னது சைக்கிள் கியருக்கு மட்டும். சக்கரம் தனி.

அக்கா: கடவுளே. ஏன்டா, உன் ஒரு மாசச் சம்பளம் அப்படியே இதுல போயிருக்குமே.

தம்பி: கிட்டத்தட்ட ரெண்டு மாசம்.

அக்கா: பெருமையா வேற சொல்றான். சரி, இது என்னதான் பண்ணும்? சொல்லு, தெரிஞ்சுக்கறேன்.

தம்பி: இந்தச் சக்கரத்தைச் சுத்துறேன். காதைக் குடுத்துக் கேளு.

அக்கா: ...ஒண்ணும் கேக்கலையே.

தம்பி: அதான். சத்தமே வராது.

அக்கா: சத்தம் வராம இருக்கவா ரெண்டு மாசச் சம்பளம்? எங்க வீட்டுக்காரர் ஓசியிலயே சத்தம் போடாம இருக்கார்.

தம்பி: கிண்டல் பண்ணு. கியரும் சக்கரமும் சேர்த்து முக்கால் கிலோ எடை குறையுது.

அக்கா: ஓட்டப்போறவன் தொப்பையை வச்சுக்கிட்டு வண்டியில முக்கால் கிலோ குறைக்கிறியா? யானை முதுகுல உக்காந்த கொசுவைப் பட்டினி போட்ட மாதிரி இருக்கு.

தம்பி: ஓட்டப்போறது நான் இல்ல.

அக்கா: பின்ன யாரு, உன் பொண்டாட்டியா? அவ பஸ்ஸுல ஜன்னல் சீட்டுல உக்காந்தாலே தலை சுத்துதும்பா.

தம்பி: அதை விடு. நிஜத்தைச் சொல்லணும்னா, ரொம்ப மட்டமான பொருளுக்கும் நடுத்தரத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நடுத்தரத்துக்கும் இதுக்கும் அவ்வளவு இல்ல. பந்தயத்துக்குப் போறவங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாது.

அக்கா: அப்ப நடுத்தரமா ஒண்ணு வாங்கியிருக்கலாமே. மிச்சக் காசு எதுக்கு?

தம்பி: மனசுக்கு.

அக்கா: உன் மனசு என்ன அவ்வளவு... இரு. இந்த வண்டியைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பு.

தம்பி: ஏன்?

அக்கா: திருப்புடா.

தம்பி: இந்தா.

அக்கா: இந்த நசுங்கல்... பேக்கரி முனையில பால்வண்டி மேல இடிச்சப்ப விழுந்தது. இது என் வண்டிடா.

தம்பி: எப்பக் கண்டுபிடிப்பேன்னுதான் பார்த்துட்டிருந்தேன்.

அக்கா: பச்சையால்ல இருந்துச்சு?

தம்பி: சீட்டுக்கு அடியில பாரு. அந்த இடத்துல மட்டும் பழைய பச்சையை விட்டு வைக்கச் சொன்னேன்.

அக்கா: இதை அப்பவே பழைய இரும்புக்குப் போட்டாச்சுன்னுதானே அப்பா சொன்னார்?

தம்பி: போடல. பிரேமைத் துணியில சுத்தி, வீடு மாறுறப்பல்லாம் தூக்கிட்டே வந்திருக்கார். போன மாசம் கட்டிலுக்கு அடியில பெட்டியைத் தேடப்போனேன், கையில தட்டுச்சு. இருபத்தெட்டு வருஷம், கொஞ்சம்கூடத் துரு இல்ல. எண்ணெய் தடவித் தடவி வச்சிருக்கார். உக்காருக்கா.

அக்கா: விடியக்காலையில என்னை எழுப்பவே மாட்டார், தெரியுமா? கட்டில் பக்கத்துல நின்னு டயருக்குக் காத்து அடிப்பார். அந்தச் சத்தத்துல நானே எழுந்திருக்கணும்.

தம்பி: எனக்கும்தான் தூக்கம் போகும். அதுக்கு யாரும் மெடல் குடுக்கல.

அக்கா: ராத்திரி ஷிப்டு முடிச்சு பிரஸ்ஸுல இருந்து நேரா வருவார். கையெல்லாம் மை. நான் முன்னாடி போவேன், அவர் அந்த ஓட்டை மொபெட்ல பின்னாடி. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு கத்திக்கிட்டே வருவார். அவர் கத்துறதுல தெருநாய் எல்லாம் முழிச்சு என்னைத் துரத்தும். அதுலதான் எனக்கு அவ்வளவு வேகமே வந்துச்சு.

தம்பி: அம்மா தைச்சுக் குடுத்தாங்களே, ஒரு அரைக்கால் சட்டை.

அக்கா: அப்பாவோட பிரஸ் யூனிபார்ம் பேன்ட்டை வெட்டி. பின்னாடி பாக்கெட்டோட. மத்தப் பொண்ணுங்க எல்லாம் கடையில வாங்கினது போட்டிருப்பாங்க, நான் மட்டும் மெஷின் ரிப்பேர் பண்ண வந்தவ மாதிரி நிப்பேன். ஆனா ஒண்ணு சொல்றேன், என் வாழ்க்கையிலயே நான் அவ்வளவு சந்தோஷமா இருந்தது அந்தக் காலை நேரத்துலதான். போட்டி இல்ல, ஜெயிக்கிறது இல்ல. சும்மா ஓட்டுறது. திரும்பி வரப்ப நீ வாசல்ல ஸ்பேனரோட நிப்பே, பெரிய டாக்டர் மாதிரி.

தம்பி: மெக்கானிக்குன்னு யாரும் கூப்பிடலையேன்னு அப்ப எனக்குப் பெரிய குறை.

அக்கா: பதினேழு வயசுல உனக்கு எல்லாமே குறைதான்... அதெல்லாம் சரி. எனக்காகவா இதைப் பண்ணே? நாப்பத்தேழு வயசுக்காரிக்கு எதுக்குடா இதெல்லாம்? கடை வரைக்கும் போய்க் காய் வாங்கிட்டு வரவா?

தம்பி: நான் பண்ணலக்கா.

அக்கா: பின்ன?

தம்பி: மாட்டினது மட்டும்தான் நான். காசு அப்பாவோடது.

அக்கா: அப்பாகிட்ட ஏது இவ்வளவு?

தம்பி: அந்தத் துணியை எடு, கையில கிரீஸ்.

அக்கா: டேய். அப்பாகிட்ட ஏது?

தம்பி: கண் ஆபரேஷனுக்கு எடுத்து வச்சிருந்தது.

அக்கா: என்ன சொல்றே நீ?

தம்பி: அடுத்த வருஷம் பண்ணிக்கிறாராம். "இன்னொரு கண்ணு நல்லாத்தானே தெரியுது, என் பொண்ணு ஓட்டுறதைப் பார்க்க ஒரு கண்ணு போதாதா"ன்னு கேக்கறார்.

அக்கா: நீயும் தலையாட்டிட்டு வாங்கிட்டு வந்துட்டே.

தம்பி: நான் சொல்லாமலா இருப்பேன்? நடுத்தரமா வாங்கலாம்ப்பா, அதுவே நல்லா இருக்கும்னு ஒரு வாரம் சொன்னேன். கடைக்காரரையே பேச வச்சேன். அவரும் சொன்னார், இவ்வளவு வேணாம் ஐயான்னு. "ஒரு தடவை கம்மியா வாங்கித்தான் என் பொண்ணு வாழ்க்கை போச்சு, உங்க கடையில இருக்கறதுலயே மேலானதைக் குடுங்க"ன்னுட்டார். அவரும் எடுத்துக் குடுத்துட்டார்.

அக்கா: என் வாழ்க்கை எங்கடா போச்சு? ஆஸ்பத்திரியில நல்ல வேலை, நடக்க முடியாம வர்றவங்களை நடக்க வச்சு அனுப்புறேன். நல்ல புருஷன். எனக்கு என்ன குறை?

தம்பி: அது அவருக்குப் புரியணுமே. உனக்கே தெரியும்ல, டிவியில எந்தப் பந்தயத்தைப் பார்த்தாலும், அது குதிரைப் பந்தயமா இருந்தாக்கூட, "நல்ல பொருளா வாங்கியிருந்தா"ன்னு ஆரம்பிச்சிடுவார்.

அக்கா: தெரியும்.

தம்பி: அன்னிக்கு அணைக்கட்டு ரோட்டுல நாப்பது கிலோமீட்டர் பந்தயம். முதல்ல வர்ற பொண்ணுக்கு மட்டும் ரெண்டு வருஷம் பயிற்சி, தங்குறதுக்கு ஹாஸ்டல். கடைசி ஏத்தம். நீ முன்னாடி, அந்த ஒட்டகம் பின்னாடி...

அக்கா: நீளக் காலுன்னு நாமதான் அவளுக்கு அந்தப் பேரை வச்சோம். பாவம், நல்ல பொண்ணு.

தம்பி: கோட்டுக்கு இருநூறு மீட்டர் கூட இல்ல. செயின் கழண்டு சக்கரத்துக் கம்பிக்குள்ள மாட்டிக்கிச்சு. நீ இறங்கி வண்டியைத் தள்ளிட்டு ஓடி வந்தே. ஆறாவதா வந்தே. அந்தப் போட்டோவைத்தான் அவர் இன்னும் ரூம்ல மாட்டி வச்சிருக்கார். காலையில கண்ணு முழிக்கிறதே அதுலதான்.

அக்கா: அந்தப் போட்டோவைக் கழட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.

தம்பி: அவர் இப்பவும் கீழதான் இருக்கார். கேட்டுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்கார், ஆறு மணியில இருந்து. ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டை. நீ பின்பக்கமா வந்ததால பார்க்கல.

அக்கா: இதைக் கடையில திருப்பி எடுத்துக்குவாங்களா?

தம்பி: அக்கா...

அக்கா: கேட்டதுக்குப் பதில் சொல்லு.

தம்பி: ரோட்டுல இறங்காத வரைக்கும் எடுத்துக்குவேன்னு கடைக்காரர் சொன்னார். ஒரு தடவை ஓட்டிட்டா முடியாது. நேத்தே கேட்டு வச்சுட்டேன்.

அக்கா: அப்ப நான் ஏறப்போறதில்ல. கழட்டு. நாளைக்கே அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்.

தம்பி: அவருக்கு என்ன பதில் சொல்லுவே? அவர் கண்ணைவிட இதுதான் அவருக்குப் பெருசு. நீ ஏறி ஒரு சுத்து சுத்திட்டா, இருபத்தெட்டு வருஷமா தொண்டையில இருக்கிற முள்ளு இறங்கிடும்னு நெனைக்கறார்.

அக்கா: அது உங்க தப்பு இல்லப்பான்னு நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன்.

தம்பி: சமாதானத்துக்குச் சொல்றேன்னுதான் நெனைப்பார்... உண்மையிலயே அது அவர் தப்பு இல்லக்கா.

அக்கா: அதைத்தானே நானும் சொல்றேன்.

தம்பி: நீ சொல்றது வேற. எனக்குத் தெரிஞ்சது வேற. நீ வர்றதுக்கு முன்னாடி பல்லு விளக்கிட்டே இதைத்தான் ஒத்திகை பார்த்துட்டிருந்தேன்... திட்டாம கேப்பியா?

அக்கா: சொல்லு.

தம்பி: அவர் கம்மியா வாங்கலக்கா. பந்தயத்துக்கு ஒரு மாசம் இருக்கப்ப, பிரஸ்ஸுல முன்பணம் வாங்கி, நல்ல கம்பெனியோட புது கியர் வாங்கிட்டு வான்னு என் கையிலதான் குடுத்தார். முழுக் காசு. நான் போகிற வழியில பழைய மார்க்கெட்டுல அதே மாதிரி ஒண்ணைப் பார்த்தேன். பாதி விலைகூட இல்ல. மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டு, டூத் பிரஷ்ஷால தேய்ச்சு, கடையில கெஞ்சி ஒரு காலி டப்பா வாங்கி அதுல போட்டுக் கொண்டு வந்து குடுத்தேன். அப்பா அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

அக்கா: மிச்சத்தை என்ன பண்ணே?

தம்பி: கேமரா வாங்கினேன். கூடப் படிக்கிறவனோடது, இரவல்னு சொன்னேன்ல, அது.

அக்கா: அப்ப அந்தப் போட்டோ...

தம்பி: அதுல எடுத்ததுதான். அதை அவர் பிரேம் போட்டு மாட்டினப்ப நான் வீட்டை விட்டே ஓடிடலாம்னு பார்த்தேன். வாங்கின புது கியரே இப்படின்னா, அதைவிட விலை கூடினதா வாங்கியிருக்கணும்னு அவர் தன்னையே திட்டிக்கிட்டார். நான் பக்கத்துல நின்னு கேட்டுட்டிருந்தேன். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்லிடலாம்னு நெனைப்பேன். வருஷம் கூடக் கூட, சொல்றதும் கஷ்டமாயிடுச்சு. திட்டுக்கா. அறையக்கூடச் செய்.

அக்கா: அந்தப் பழைய கியர்ல என்ன கோளாறு இருந்துச்சு?

தம்பி: உள்பக்கம் தடுத்து நிறுத்துற ஸ்க்ரூ தேய்ஞ்சு போயிருந்துச்சு. பின்னாடி இருக்கிற பெரிய பல்சக்கரத்துக்குப் போனா நிக்காது, செயின் தாண்டி உள்ள விழுந்துடும். அது எனக்கு முன்னாடியே தெரியும். அதனாலதான் உன்கிட்ட ஒரு பொய்யைச் சொல்லி வச்சேன். "புது கியரு, பழகுற வரைக்கும் லீவரைக் கடைசி வரைக்கும் தள்ளாதே, செயின் விழுந்துடும்"னு. ஞாபகம் இருக்கா? ஒரு மாசமா நீ ஒரு தடவைகூடத் தள்ளல. அன்னிக்கு ஏத்தத்துல, அவ்வளவு கூட்டத்துல, பதட்டத்துல மறந்துட்டே. அவ்வளவுதான். உன்மேலயும் தப்பு இல்ல, அப்பா மேலயும் இல்ல. எல்லாம் என்னால வந்தது.

அக்கா: மறக்கலடா. ஒட்டகத்தோட மூச்சு சத்தம் எனக்குப் பின்னாடி தேய்ஞ்சு தேய்ஞ்சு நின்னே போச்சு. ஜெயிச்சுட்டேன்னு தெரிஞ்சுது. கோட்டுக்கிட்ட அப்பா, அவர் தோள்ல கை போட்டுக்கிட்டு அந்த ஹாஸ்டல் கோச்சு. அதுக்கு முன்னாடி அதே ஹாஸ்டல்ல பத்து நாள் முகாமுக்குப் போனேனே, அந்தப் பத்து நாளும் நான் யாரோடயும் ஒரு வார்த்தை சிரிச்சுப் பேசல. சைக்கிளைத் தொடவே பிடிக்கல. அங்க ரெண்டு வருஷம் போக மாட்டேன்ப்பான்னு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. செயின் விழுந்துட்டா என்னை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. எப்படி விழும்னு நீதான் சொல்லிக் குடுத்திருந்தியே. நானேதான் லீவரைக் கடைசி வரைக்கும் தள்ளுனேன்... அவர் இப்படித் தன்னையே போட்டு அடிச்சுக்குவார்னு எனக்கு அப்பத் தெரியாது. தெரிஞ்சப்புறமும் நான் வாயைத் திறக்கல. நீ இதைக் கழட்டி டப்பாவுல வை. நான் கீழ போறேன், அப்பாகிட்ட முதல்ல நான் சொல்லணும்.