நெல் காயும் றோட்டு

கிண்ணியாத் துறையில் வாகனங்களை அக்கரை சேர்க்கும் பாதைப் படகுக்குக் காத்து நின்றேன். சாரதிப் பத்திரம் எடுத்த கிழமையே மகன் வானை றோட்டோரக் கழிவுநீர்க் கானுக்குள் இறக்கியதிலிருந்து அவனை நான் ஓட விடவில்லை. முன்னால் நின்ற லொறியில் சாய்ந்தபடி இரண்டு இளைஞர்கள் கதைத்தார்கள்.

"நெல்லைக் கண்டாலே என்ட கால் பிரேக்குக்குப் போகுது, மச்சான்."

"நெல்லென்ன குறுக்க ஓடுமா?"

"சிரிக்காத. போன அறுவடைக்குத் தோப்பூர் றோட்டுல பாதிக்கு நெல் காயப்போட்டிருந்திச்சி. மற்றப் பக்கத்தால வேகமா வெட்டி ஓடினன். சாக்குக் குவியலுக்குப் பின்னாலயிருந்து காகம் கலைக்க ஒரு பிள்ளை பாஞ்சிச்சி. ஒரு முழத்தில நிப்பாட்டினன்."

"இப்ப எப்படி ஓடுற?"

"நெல் கிடந்தா காவலுக்கு ஆள் இருக்கும். அந்த ஆளைக் கண்ட பிறகுதான் தாண்டுவன்."

"ஆளைக் காணாட்டி?"

"இறங்கித் தேடுவன்."

அன்று மாலை, அலுமாரியில் பூட்டி வைத்திருந்த வான் சாவியை எடுத்து மகனிடம் கொடுத்தேன்.