கறுப்புக் கரை போட்ட தாள்

சுவரொட்டியை வாசிக்க முதல் மணந்து பாக்கவேணும், ஐயா. கோதுமை மா மணந்தால் வீட்டிலை காய்ச்சின பசை. பிறகு தாள், கரை, மை. என்ன எழுதியிருக்கு எண்டது கடைசியிலைதான். ஆரைப் பயப்படுத்த எழுதினது, ஆரை நம்பப்பண்ண எழுதினது எண்டு அப்பதான் பிடிபடும். எழுத்தை முதல் வாசிக்கிறவன் பேயன்.

தொண்ணூற்றாறிலை இருந்து கொள்ளுப்பிட்டியிலை பொலிசின்ரை ஒரு புலனாய்வுக் கந்தோருக்கு இந்த வேலைதான் செய்தனான். தமிழ்ச் சுவரொட்டிகளை உரிச்சுக்கொண்டு வருவினம். நான் சிங்களத்திலை விளங்கப்படுத்துவன். அங்கத்தைப் பெரியவர் என்னை மரியாதையாக "மஹத்தயா" எண்டுதான் கூப்பிடுவார். வெள்ளவத்தையிலை எங்கடை ஒழுங்கைச் சனத்தைப் பிடிச்சு லொறியிலை ஏத்தேக்கையும் என்ரை கதவைத் தட்டமாட்டினம். அது லேசான விஷயமே?

அடுத்த வருஷம் மூண்டு மாதமாக ஒரு சுவரொட்டியும் வரேல்லை. "இனி மஹத்தயாவுக்கு வேலை இல்லைப் போலை" எண்டு பெரியவர் சிரிச்சார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கேல்லை.

அந்த நேரம்தான் என்ரை மனுசி அன்னபாக்கியம் செத்தவ. முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி அடிக்கக் கொட்டாஞ்சேனைக்கு ஹியூபேட்டிட்டைப் போனனான். சின்ன அச்சகம். அவனும் மனுசி நேசமும்தான். நினைவஞ்சலிக்கெண்டு ஒரு கறுப்புக் கரை அச்சு வைச்சிருந்தான், இடப்பக்க மூலை உடைஞ்சது. "எங்கடை அக்காவுக்கு இதை அடிக்கவேண்டி வந்திட்டுதே அண்ணை" எண்டு அழுதான். அழுகிறவனிட்டை எதையும் கேக்கலாம். கரை மட்டும் அடிச்ச வெறுந்தாள் ஐம்பது கேட்டனான்.

"என்னத்துக்கு அண்ணை?"

"சொந்தக்காரர் இரங்கல் எழுதித் தருவினம். நடுவிலை எழுதலாம்."

"ஐயோ, அதுக்கென்ன" எண்டு அப்பவே அடிச்சுத் தந்தான்.

நடுவிலை நான்தான் எழுதினனான். கையெழுத்தை மாத்தி, தூரிகையாலை. அரசாங்கத்துக்கு வேலை செய்யிற தமிழர் ஒருத்தரும் தப்பமாட்டினம் எண்டு. பசையை அன்னபாக்கியத்தின்ரை சட்டியிலை காய்ச்சினனான். மழை பெய்து றோட்டு வெறிச்ச ஒரு பின்னேரம், சந்தைப் பக்கத்திலை கூரைக்குக் கீழை இருந்த சுவர்களிலை இருபது ஒட்டினனான்.

அடுத்த நாள் கந்தோரிலை இருந்து வாகனம் அனுப்பிக் கூப்பிட்டவை. தாளை மணந்தன். கரையைத் தடவிப் பாத்தன். பைக்குள்ளை இருந்த மனுசியின்ரை நினைவஞ்சலியை எடுத்துப் பக்கத்திலை வைச்சன். ரெண்டிலையும் ஒரே மூலை உடைஞ்சிருந்தது. பெரியவர் எழும்பி நிண்டு என்ரை கையைப் பிடிச்சவர். அப்பிடி ஒரு சந்தோஷம் எனக்கு அதுக்குப் பிறகு வரேல்லை.

அண்டிரவே ஹியூபேட்டைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம். "அண்ணைதான் வெறுந்தாள் கேட்டு வாங்கினவர்" எண்டு விசாரணையிலை சொல்லியிருக்கிறான். பெரியவர் என்னைப் பாத்தார். "நினைவஞ்சலி அடிச்சனான்தான். அதாலைதானே அடையாளம் தெரிஞ்சது" எண்டன். பேச்சு அதோடை முடிஞ்சுது. ஹியூபேட் எட்டாம் நாள் உள்ளுக்கையே முடிஞ்சான். பெரியவர் எனக்கு மட்டும் சொன்னவர்.

நேசம் என்னட்டைத்தான் வருவா. அவரை எங்கை வைச்சிருக்கினம் எண்டு கேட்டு ஒரு பெட்டிசம் எழுதித் தாங்கோ அண்ணை எண்டு கேப்பா. பதினாலு எழுதிக் குடுத்திட்டன், எல்லாம் நல்ல சிங்களம். "நீங்கள் இல்லாட்டி எனக்கு ஆர் அண்ணை" எண்டு போன கிழமையும் அழுதவ. அவன் செத்த நாள் தெரிஞ்சால் மாதா கோயிலிலை ஒரு பூசையாவது ஒப்புக்குடுப்பா. நான் சொல்லேல்லை. சொன்னால் அவ வாறது நிண்டுபோம். வேறை ஆர் என்ரை வீட்டுக்கு வருகினம்?

மிச்சம் முப்பது தாளும் என்னட்டைப் பத்திரமாக இருக்கு. எண்டைக்காவது அவ நம்பிக்கை விட்டால் நினைவஞ்சலிக்குத் தாள் வேணுமெல்லே. அவவுக்கு இந்த உதவியாவது ஒருத்தன் செய்யவேணும், ஐயா.