நூறு நாள் கீறல்

விபத்தில்லா நாட்களை எண்ணும் பலகையை மாட்டப் போய், ஏணியிலிருந்து முதலில் விழுந்தவன் நான்தான். இடுப்புப் பிடித்துக்கொண்டது. பாதுகாப்பு அதிகாரியே விழுந்தால் பலகைக்கு என்ன மரியாதை? பதிவேட்டில் ‘கீறல்’ என்று எழுதிவிட்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். டாக்டரிடம் போனால் விபத்து, போகாவிட்டால் கீறல். விதி அவ்வளவுதான்.

நீங்கள் விசாரணை அதிகாரி, பொறுமையாகக் கேட்கிறீர்கள், நன்றி. திட்டம் என்னுடையது. மறுக்கவில்லை, பெருமையாகவே சொல்கிறேன். நூறு நாள் விபத்தில்லாமல் ஓடினால் தகரப் பட்டறையில் முப்பத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஃபிரிட்ஜ் என்றது நிர்வாகம். நான்தான் அதைத் திருத்தினேன். கடைசியில் கொடுக்காதீர்கள், முதல் நாளே வீட்டில் இறக்கிவிடுங்கள். ஒரே ஒரு விபத்து நடந்தாலும் வேன் வந்து அத்தனை வீட்டிலும் திரும்ப ஏற்றிக்கொள்ளட்டும். வரப்போகிற பொருளை நினைத்து மனிதன் கொட்டாவி விடுவான். வந்துவிட்டதை விடாமலிருக்க விரலையும் கொடுப்பான். என் மனைவி தூக்கிப்போட எடுத்த கிழிந்த சட்டையை நானே பிடுங்கி வைத்துக்கொண்டபோது கற்ற பாடம் அது.

திட்டம் பலித்தது. நசுங்கிய நகம், கீறல். பிசகிய தோள்பட்டை, உள்கீறல்.

“என்னப்பா, தலைல கட்டு?”

“சின்னக் கீறல் சார். மண்டைக்குள்ள ஒண்ணுமில்ல.”

“அது எனக்கு முன்னாடியே தெரியுமே.”

பட்டறையே சிரித்தது. அவ்வளவு ஒட்டுதலாக இருந்தோம்.

தொண்ணூற்றோராம் நாள், எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிடும் வெட்டு இயந்திரக்காரர் என் அறைக்கு வந்தார். துருப்பிடித்த தகரம் உள்ளங்கையில் ஆழமாக இறங்கியிருந்தது.

“ஊசி போட்டுக்கணும் சார். டாக்டருக்குச் சீட்டு குடுங்க.”

“தாராளமா போங்க சித்தப்பா. நான் வேன்காரருக்கு ஒரு போன் போட்டுடறேன்.”

சீட்டு வாங்காமலே திரும்பிப் போனார். டாக்டரிடம் போவதை நான் தடுக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மனசு கேட்காமல் என் கைக்காசில் மெத்தென்று ஒரு கையுறைகூட வாங்கிக் கொடுத்தேன்.

தொண்ணூற்றொன்பதாம் நாள் அவருக்குத் தாடை இறுகிவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை. என் வண்டியில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவனும் நான்தான். புண் அதற்குள் மூடிக்கொண்டிருந்தது.

“எங்கயாவது காயம் பட்டுச்சா?” என்றார் டாக்டர்.

சித்தப்பா என்னைப் பார்த்தார்.

“கீறல்கூட இல்ல டாக்டர். பல்லு தொந்தரவுன்னு சொல்லிட்டிருந்தார்” என்றேன்.

அன்றைய பொழுது பல் மருத்துவரிடம் போயிற்று. மறுநாள் மாலை சங்கு ஊதி நூறு முடிந்ததுமே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவர் மனைவியை வைத்துக்கொண்டே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் என்றார்கள். நான்கு நாள் தாங்கினார்.

இதில் எனக்கென்ன லாபம்? அதிகாரிகளுக்கு ஃபிரிட்ஜ் கிடையாது. முப்பத்திரண்டு வீட்டை நினைத்துத்தான் செய்தேன். அதே டாக்டர் முன்னால் என்னை மறுபடி நிறுத்தினாலும் அதையே சொல்வேன். நான்தான் காரணமா என்று மேனேஜரைக் கேட்டேன். “அவர் நேரம் சரியில்ல” என்றார். பட்டறையில் கேட்டேன். “விடுங்க சார்” என்றார்கள். நீங்களும் பேனா மூடியைத்தான் பார்க்கிறீர்கள்.

அதனால் நேற்று அவர் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை.

“நீங்களே சொல்லுங்க சித்தி. டாக்டர்கிட்ட போகாதீங்கன்னு நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?”

“சொல்லல. முப்பத்திரண்டு வீட்டையும் அவரோட ஒரு கையில ஏத்தி வச்சீங்க. டாக்டர் கேட்டப்ப அவருக்கு வாய் தொறக்கல, உங்களுக்குத் தொறந்துச்சு. நீங்கதான் தம்பி கொன்னீங்க.”