கைப்பிடி இல்லாத மெர்க்குரி

இரவு பதினொன்று தாண்டியிருக்கும். டிசம்பர் மாதம். பள்ளத்தாக்கில், துலாரே ஊருக்கு மேற்கே, பெரிய கால்வாயை ஒட்டிப் போகிற மண்சாலை. உங்களில் இந்தப் பாலைவனத்திலேயே வளர்ந்தவர்களுக்கு அந்தப் பள்ளத்தாக்கின் மூடுபனி தெரியாது. வண்டியின் மூக்கே கண்ணுக்குத் தெரியாது. கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, சாலையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள்.

அந்தச் சாலையில் ஒரே ஒரு பிக்கப் வண்டி. அதன் பின்னால் இரும்புச் சட்டத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்ட ஒரு மெர்க்குரி கார். அதில் என்ஜின் இல்லை. பேட்டரி இல்லை. ஆளும் இல்லை.

பிக்கப்பை ஓட்டியவன் வெர்லின். நம்ம ஓரினுக்குச் சித்தப்பா. ஓரின் இன்றைக்கு வரவில்லை, வந்திருந்தால் என்னை வாயைத் திறக்க விடமாட்டான். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், காற்றில் குரல் போய்விடுகிறது. விடிந்தால் கார்ப் பந்தயம் இருக்கிறது, தூங்க வேண்டியவர்கள் இப்போதே போகலாம்... யாரும் எழுந்திருக்கக் காணோம். சரி.

வெர்லின் கை வைத்த காரை நீங்கள் தடவிப் பார்த்திருக்க வேண்டும். இரும்பு எங்கே முடிந்தது, அவன் உருக்கி இழைத்த ஈயம் எங்கே தொடங்கியது என்று விரலுக்குத் தெரியாது. அப்படி ஒரு கை. அந்த மெர்க்குரியை அவன் செய்து கொடுத்தது தன் மைத்துனனுக்கு, மனைவி அர்லீனின் தம்பி டாயிலுக்கு. டாயில் கொரியாவில் சண்டை போட்டுவிட்டு வந்தவன். அங்கே பார்த்ததைப் பற்றி மூச்சு விடமாட்டான். காரைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் மலரும். அதனாலேயே வெர்லின் அந்தக் காருக்காக உயிரைக் கொடுத்து உழைத்தான்.

கூரையை அறுத்துத் தாழ்த்தினான். ஜன்னல்கள் நான்கும் உண்டியல் வாய் போலக் குறுகிப்போயின. பிறகு கதவுக் கைப்பிடிகளைப் பிடுங்கி, ஓட்டைகளை ஈயத்தால் மூடினான். உள்ளே இருந்த கைப்பிடிகளும் வேண்டாம் என்றான் டாயில். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு பொத்தான். வெளியே, அடிப்பக்கம் ஒளித்து வைத்த இன்னொரு பொத்தான். அமுக்கினால் கதவுக்குள் இருக்கிற மின்காந்தம் தாழைச் சுண்டி இழுக்கும். ட்டக். கதவு தானாகத் திறக்கும்.

பேட்டரி செத்தால் கதவு திறக்காது, உங்களுக்கே தெரியும். அதற்காகத்தான் எல்லோரும் ஒரு கம்பியை விட்டுவைக்கிறோம், கையால் இழுத்துத் திறக்க. வெர்லினும் வைத்திருந்தான். சாக்ரமெண்டோ கார் கண்காட்சிக்கு முதல் நாள் டாயில் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தான்.

"மச்சான், கம்பி தொங்குது. அழகான பொண்ணு, உள்பாவாடை நாடா வெளிய தெரியுற மாதிரி இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும் மாப்ள. ஆபத்துக்கு வேணும்."

"நடுவருங்க தரையில கண்ணாடி வெச்சு அடிப்பக்கம் பூராப் பாப்பாங்க. இந்த நாடாவுக்காகவே கப்பு கைவிட்டுப் போயிரும்."

வெர்லின் யோசித்தான். அவனுக்கும் கப்பு வேண்டும், அதுதான் உண்மை. கண்காட்சி முடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று கம்பியை உருவிவிட்டான்.

கப்பு கிடைத்தது. திரும்பி வருகிற வழியில், இரவு மூடுபனியில், டாயில் நேராகக் கால்வாய்க்குள் போனான். தண்ணீர் ஏறியதும் பேட்டரி செத்தது.

காலையில் ஷெரீப் ஆபீஸ் போலீஸ்காரன் ஒருவன் வெர்லினின் வீட்டுக் கதவைத் தட்டினான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வெர்லின்... அந்தக் காரை எப்படித் தொறக்கிறது?"

கால்வாய்க் கரையில் கிரேன் தூக்கிவைத்த காரைச் சுற்றிச் சுற்றி வந்து, நாலைந்து பேர் உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார்கள். பிடித்து இழுக்க ஓர் இடம் இல்லை. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை டாயிலே உள்ளே இருந்து உடைத்திருந்தான். கை மட்டும் வெளியே வந்திருந்தது. தோள் நுழையவில்லை. வெர்லின் புது பேட்டரியைக் கொண்டுவந்து ஒயரை இணைத்து, அடியில் இருந்த பொத்தானை அமுக்கினான். ட்டக். கதவு அழகாகத் திறந்தது, தண்ணீர் அவன் காலில் கொட்டியது. டாயிலின் வலது கட்டைவிரல் இன்னும் உள்ளே இருந்த பொத்தானின் மேல்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வெர்லின் எந்தக் காரையும் தொடவில்லை. மெர்க்குரி ஒரு வருடம் அவன் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கடைசியில் அர்லீன்தான் சொன்னாள்.

"கிறிஸ்துமஸுக்குள்ள அது இங்க இருக்கக் கூடாது வெர்லின். ராத்திரி நீ எழுந்து போய் அந்தக் கதவைத் தடவிக்கிட்டு நிக்கிறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? அவன் என் தம்பி. நானே அழுது முடிச்சிட்டேன்."

அதனால்தான் அந்த இரவுப் பயணம், காயலாங்கடைக்கு. பகலில் இழுத்துக்கொண்டு போனால் ஊர் வேடிக்கை பார்க்கும். நல்ல சாலையில் போனால் டாயிலின் பெற்றோர் வீட்டைத் தாண்ட வேண்டும். மிச்சம் இருந்தது கால்வாய்ச் சாலைதான். கடைக்காரன் வேலிக் கதவைத் திறந்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தான்.

பாதித் தூரம் போயிருப்பான்...

ட்டக்.

கல் தெறித்திருக்கும் என்று நினைத்தான்.

ட்டக்.

வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தான். பனியில் சேற்று நாற்றம். கால்வாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கூட இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தான். உடைந்த ஜன்னல் வழியாக வெளிச்சம் அடித்துப் பார்த்தான். சீட்டு காலி. காய்ந்த மண். டார்ச்சை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தபோது, அவன் முகத்துக்கு நேர் கீழே, கதவுக்குள்...

ட்டக்.

பேட்டரி இல்லாத கார். அவனே கழற்றியது. வெர்லின் ஓடவில்லை. நீங்களும் நானும் ஓடியிருப்போம். அவன் கதவில் நெற்றியை வைத்து அழுதான்.

"மாப்ள... இன்னும் உள்ளயாடா இருக்கே?"

ட்டக்.

பிக்கப்பின் பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். அந்தக் குளிரில் விரல்கள் மரத்து, ஒயரைப் பிடிக்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்து இணைத்தான். அடியில் கையை விட்டு அமுக்கினான். கதவு திறந்தது. ஓர் ஆள் இறங்க வழி விடுவது போல அவன் விலகி நின்றான்.

"போடா ராசா. போயிரு. தொறந்தாச்சு."

நின்றான். பனி அசையவில்லை. ஒரு வருடமாக நெஞ்சில் இருந்த கல்லை இறக்கியது போல இருந்தது அவனுக்கு. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தான்.

ட்டக்.

அந்தப் பக்கத்துக் கதவையும் திறந்தான். டிக்கியைத் திறந்தான். இதற்கு மேல் அந்தக் காரில் திறப்பதற்கு ஒன்றும் இல்லை. ட்டக். பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தான். ட்டக். அவசரமும் இல்லை, ஓய்வும் இல்லை. ஒருவன் அமுக்குகிறான், திறக்கவில்லை, மறுபடி அமுக்குகிறான்...

"தொறந்துதான்டா இருக்கு! கண்ணைத் தொறந்து பாருடா!"

கத்திக் கத்திக் குரல் கம்மிப்போனது. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. இந்தச் சாலையில் கதவு திறந்திருக்கிறது. டாயில் இருக்கிற இடத்தில் திறக்கவில்லை. அங்கே இன்னும் அதே இரவு, அதே தண்ணீர். வெளியே நின்றுகொண்டு எத்தனை கதவைத் திறந்தாலும் அவனுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

ஆகவே வெர்லின் அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து, குனிந்து, உள்ளே ஏறி, காலியான ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வரலாம் என்றுதான்.

சத்தம் நின்றது.

விடிந்தும் அவன் வராததால் அர்லீனும் ஓரினின் அப்பாவும் தேடிக்கொண்டு வந்தார்கள். நடுச்சாலையில் பிக்கப் நின்றது. பேட்டரி தரையில் கிடந்தது. மெர்க்குரியின் இரண்டு கதவும் அகலத் திறந்திருந்தன. வெர்லின் உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டை காய்ந்துதான் இருந்தது, ஆனால் தாடை மட்டும் மேலே தூக்கியிருந்தது, கழுத்து வரை தண்ணீரில் நிற்பவன் போல. நீட்டிய கையின் கட்டைவிரல் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது.

"வெர்லின், இறங்கி வா" என்றாள் அர்லீன். கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றாள். அவன் அவளைத் தாண்டிப் பார்த்தான்.

ஓரினின் அப்பா அவனை இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்தார். திறந்த கதவு வழியாகத்தான் இழுத்தார். வெர்லின் தோளைக் குறுக்கிக்கொண்டு அலறினான். "நுழையாது... விடுங்க, தோள் நுழையாது..." எப்படியோ வெளியே கொண்டுவந்து, சாலையில் போர்வை விரித்துக் கிடத்தினார்கள். அர்லீன் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிழைத்துக்கொண்டான் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தாளாம்.

அவள் மடியில் படுத்தபடியே வெர்லினின் கட்டைவிரல் வெறும் காற்றில் அமுங்கியது.

காருக்குள்ளிருந்து... ட்டக்.

விரல் ஓய்ந்தது. அவன் பக்கவாட்டில் திரும்பி, அங்கே யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, ரொம்பப் பிரியமாகச் சொன்னான்.

"என் கை ஓஞ்சு போச்சு. இப்ப நீ அமுக்கு மாப்ள."

ட்டக்.