மகன் கேட்ட கேள்வி

விசாரணை அறையில் ஐந்து பேர் இருந்தோம். தருமபுரியிலிருந்து வந்த அதிகாரி, அவருடைய தட்டச்சர், சாட்சியாக என் பழைய பியூன் நசருல்லா, என் மகன் சென்னகிருஷ்ணன், நான். எல்லாருக்கும் டீ வந்தது. சர்க்கரை அதிகம்.

நான் தாசில்தாராக ஓய்வு பெற்றவன். ஓசூரில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்த காலத்தில் அரசே சம்பளம் கொடுத்து என்னைத் திரும்ப அழைத்தது. அப்படிச் சேர்ந்தால் கருவூலத்தில் சொல்லிவிட வேண்டும்; பென்ஷனை நிறுத்திவைப்பார்கள். பணம் எனக்குப் பெரிதில்லை. ஆனால் தாசில்தார் ராமப்பனுக்குப் பென்ஷன் நின்றுவிட்டது என்றால் ஊர் காரணம் கேட்காது. என்ன தப்பு செய்தானோ என்றுதான் பேசும்.

கருவூலத்தில் குமாஸ்தா என் மகன். பென்ஷன்காரர்கள் வருடந்தோறும் அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். அன்று எனக்கு முந்தி நின்ற நசருல்லாவிடம் கேட்டதையே என்னிடமும் கேட்டான்.

"நாயனா, வேற எங்கியாச்சும் சம்பளத்துக்கு வேலை பாக்கறீங்களா?"

தினமும் காலையில் வீட்டு வாசலுக்கு ஜீப் வருவது அவனுக்குத் தெரியும். பியூனைக் கேட்டதுபோல் தகப்பனைக் கேட்கலாமா? இல்லை என்றேன்.

"நெசமாவா நாயனா?"

"நான் சொன்னா எழுதுடா."

எழுதிக்கொண்டான்.

நான் சம்பளமும் பென்ஷனும் சேர்த்து வாங்கியது மறு வருடம் தணிக்கையில் பிடிபட்டது. விசாரணையில், மகன் கேட்டதையும் நான் மறுத்ததையும் நசருல்லா உள்ளபடியே சொன்னார். அதன்பின் நான் நிதானமாகச் சொன்னேன்: 'ஒப்புக்குக் கேட்கிறேன், இல்லை என்று சொல்லிவிடுங்கள்' என்று மகன்தான் முதல் நாளே வீட்டில் சொல்லிவைத்தான்.

அவன் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்துக்கு ஊரில் இருக்கும் பெயர் நான் சம்பாதித்தது. அவனுக்கு வயதிருந்தது, வேறு வேலை கிடைத்திருக்கும்.

அதிகாரி அவனைப் பார்த்தார்.

"நாயனா சொன்னா சரிதாங்க சார்" என்றான்.

அவனுக்கு வேலை போயிற்று. வயதான மனிதர், மகன் பேச்சைக் கேட்டு ஏமாந்தவர் என்று என்னை விட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் சூளகிரிக்கு அருகே நெடுஞ்சாலையில் லாரி மோதி அவன் இறந்தான். என் மனைவி சாந்தம்மா அவன் சட்டைகளை இன்னும் துவைத்துக் காயப்போடுகிறாள்.

அவனாகவே லாரிக்கு முன்னால் போனான் என்று ஊத்தங்கரை வரைக்கும் பேச்சு. அது தவறு. என் மகன் என்னைக் கேட்காமல் எதையும் செய்யமாட்டான்.