அளவுச் சக்கரத்துக்குப் பின்னால்

‘இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும். இன்னொரு முறை இந்தப் பாதையில் நடக்க என்னால் ஆகாது.’

மாலை ஆறு மணி. ஆளில்லாத பாதை. அங்கே நின்றுகொண்டு இப்படி நினைத்தாளாம், என் தோழியின் அண்ணி. நில அளவையாளர். லேசில் பயப்படுகிறவள் இல்லை. அன்று ஏன் அப்படித் தோன்றியது என்று அவளுக்கே தெரியவில்லை.

பள்ளி மைதானத்தின் நடுவே ஒரு பொதுப் பாதை. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வெளியாட்கள் நடக்கலாமா? அதை வேலிக்கு வெளியே திருப்பிவிட முடிவாயிற்று. புதுப் பாதை அவள் வீட்டுப் பின்சுவரை ஒட்டிப் போகும். வரைபடம் போட்டதும் அவள்தான். வீட்டுக்குக் குறுக்கு வழி கிடைத்ததென்று உள்ளூர ஒரு சந்தோஷம்கூட.

பழைய பாதையில் தொடங்கி, புதுப் பாதையின் கடைசிவரை அளவுச் சக்கரத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் உருட்ட வேண்டும். அது அவர்கள் வேலைமுறை.

“கேட் வரைக்கும் தூக்கிட்டு வந்துடுங்கம்மா. உருட்டாதீங்க,” என்றார் பள்ளிக் காவலாளி.

“தூக்கினா அளவு விட்டுப்போயிடும்ணே. மறுபடி முதல்லேர்ந்து நடக்கணும்.”

“நடங்களேன். காலா தேஞ்சிடும்?”

அவள் சிரித்துவிட்டு உருட்டினாள்.

டிக்… டிக்… மீட்டருக்கு ஒரு சத்தம்.

பாதி தூரத்தில் நனைந்த சாக்ஸ் வாடை. மழை பெய்து மாதக்கணக்காகிறது. பின்னால்… சளக்… சளக்… ஈர ஷூ. சின்னக் கால்.

நின்றாள். அதுவும் நின்றது. ஒரு அடி தாமதமாக.

திரும்பிப் பார்க்கவில்லை. சக்கரத்தையும் தூக்கவில்லை. கேட்டைத் தாண்டி, வேலியைச் சுற்றி, தன் வீட்டுப் பின்சுவர் வரை உருட்டியே போனாள். மகளின் ஜன்னலுக்குக் கீழே அந்தச் சத்தம் நின்றது. அரை மணி கழித்து, வந்த வழியே பள்ளி கேட்டை நோக்கிப் போனது.

மறுநாள் காவலாளி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “அது இந்த கேட்டைத் தாண்டினதே இல்லம்மா. நீங்கதான் வழி காட்டிட்டீங்க.”

அதன்பின் தினமும் ஆறு மணிக்கு வந்தது. ஆறரைக்குப் போனது. போகும் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வரும். தான் வரைந்த கோட்டைத் தானே நொந்துகொண்டாள்.

ஐந்தாம் நாள். ஆறரை ஆயிற்று… ஏழு ஆயிற்று… திரும்பும் சத்தம் இல்லை.

மகளின் அறைக்கு ஓடினாள். ஜன்னல் உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது. தரையில் சின்ன ஷூத் தடங்கள். ஈரம். மகள் படிக்கும் பெஞ்சு வரைக்கும்.

அப்போது போன் அடித்தது. தலைமையாசிரியை.

“பாதையை மாத்துற பேப்பர்ல உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. நாளைக்குக் காலையில பழைய கேட்டைச் செங்கல் வச்சு அடைச்சிடுவோம். இப்பவே வந்து போட்டுடுறீங்களா?”

மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் ஒருவருக்கு இடம் விட்டு. நோட்டை நடுவில் வைத்து.

அந்தக் காலி இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல், குரலை உயர்த்தாமல் அவள் சொன்னாள்.

“போட மாட்டேன், மேடம். அந்த கேட் திறந்தே இருக்கட்டும்.”