மணிக்கூண்டில் அழுத பிள்ளை

— இங்கயே உக்காந்துட்டா எப்படி? எந்திரிங்க ரெண்டு பேரும். மணிக்கூண்டுல ஏறாமப் போனா ஊரைச் சுத்திப் பாத்ததுக்கே அர்த்தமில்ல.

— அம்மாவுக்குக் காலு வலிக்குதாம்ப்பா. காலைலேர்ந்து பழைய கோர்ட்டு, பழைய ஜெயிலுன்னு ஒரு கட்டடம் விடாம நடக்க வச்சிட்டீங்க.

— விடுடி. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து இன்னிக்குத்தான் உங்கப்பா என்னை வெளிய கூட்டிட்டு வந்திருக்காரு. அதுவும் ரிட்டயர் ஆனதால. நடக்குறேன்.

— பாத்தியா பாப்பா, உங்கம்மா பாராட்டுறாளா திட்டுறாளான்னே தெரியல. சரி, பாத்து ஏறு. போகப் போகப் படி குறுகும். பாதியில ஒரு சன்னல் வரும், அங்க நின்னா கப்பல் எல்லாம் தெரியும்.

— எல்லாம் மனப்பாடமா சொல்றீங்களேப்பா.

— பின்ன? நீயும் நானும் வந்திருக்கோமே. நீ அப்ப சின்னப் புள்ள. அந்தச் சன்னல்கிட்ட உக்காந்துக்கிட்டு, மேலயும் வரமாட்டேன் கீழயும் போகமாட்டேன்னு ஒரே அழுகை. தோள்ல தூக்கிட்டுத்தான் ஏறினேன். என் தலைமுடியப் பிடிச்ச பிடிய நீ விடவே இல்லியே.

— நானா? நான் இன்னிக்குத்தான்ப்பா இங்க வரேன்.

— உனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது. மஞ்சக் கவுன் போட்டிருந்த.

— எங்கிட்ட மஞ்சக் கவுனே இருந்ததில்ல. லீவு நாள்லகூட ஆபீஸ் டூர் டூர்னு கிளம்பிடுவீங்க. என்னை நீங்க ஒரு நாளும் தோள்ல தூக்கினது கிடையாது.

— அப்ப... ஆபீஸ்ல யாரு புள்ளையாவது இருக்கும் பாப்பா. வயசாயிடுச்சுல்ல, குழம்புது.

— ஆபீஸ்ல யாரோ புள்ள என்ன கவுன் போட்டிருந்துச்சுன்னுகூடவா உங்களுக்கு ஞாபகம் இருக்கும்? என்னைப் பாத்துச் சொல்லுங்க. யாருப்பா அது?

— ஏன்டி அவரை அதட்டுற? படியில ஆளு வர்றாங்க, வழி விடு.

— நீ சும்மா இரும்மா. டூர்னு சொல்லிட்டுப் போனது இன்னொரு வீட்டுக்கு. அங்க ஒரு புள்ளையும் இருந்திருக்கு. இத்தனை வருஷமா உன்னை ஏமாத்தியிருக்காரு, உனக்கு உறைக்கவே இல்லியா?

— என்னை யாருடி ஏமாத்தினா? துணி மடிச்சு வச்சு அனுப்பினதே நான்தான். ஏங்க, உங்ககிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. போங்க, வாங்க, அந்தப் புள்ளைக்கும் செய்யுங்க, நான் வாயே திறக்கமாட்டேன், எம்பொண்ணுக்கு மட்டும் தெரிய வேணாம்னேன். அதுக்குக்கூடத் துப்பில்லாமப் போச்சா உங்களுக்கு?